ருசி பார்ப்போரும் குடிப்போரும்: கள், பியர், யாத்திரை பற்றிச் சில குறிப்புகள்

பாளையம்பட்டியில் வத்தல் மண்டி வைத்திருக்கிற பெரியப்பா மகன், மதினியைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் வட ஐரோப்பா போய்விட்டு வந்தார். ஆம்ஸ்டர்டாம், புரூஜ், பிரஸ்ஸல்ஸ், ஹாம்பர்க், கோபன்ஹேகன். மகன் அந்தப் பக்கம் வேலையில் இருக்கிறான், அவனுடைய ஏற்பாடு. திரும்பி வந்த மறுவாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து கைபேசியில் படம் காட்டினார். கால்வாய், காற்றாலை, மாதா கோயில், கடல்கன்னிச் சிலை. நடுநடுவே கோப்பைகள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மதுவாலைக்குள் போயிருக்கிறார்கள். சின்னச் சின்னக் கிளாசில் ஐந்தாறு வகை பியரை ஒரு மரப்பலகையில் வரிசையாக வைத்துத் தருகிறார்கள். பொன்னிறம், செம்பு நிறம், கருப்பட்டிப் பாகு நிறம். “இது குடிக்கிறது இல்லப்பா. ருசி பாக்குறது. அவங்க கல்ச்சர் அது” என்றார் அண்ணாச்சி. மதினி ஒன்றும் பேசவில்லை. அவர் கையில் ஒரு கிளாஸ் இருந்த படம் வந்தபோது அண்ணாச்சியின் விரல் அதைச் சட்டென்று தள்ளிவிட்டது.

ருசி பார்ப்பது வேறு, குடிப்பது வேறு என்று அண்ணாச்சி போகிற போக்கில் சொன்னது சாதாரணப் பேச்சு அல்ல. அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே எங்கள் ஊரின் இருநூறு வருஷச் சரித்திரம் கிடக்கிறது. அவர் அதை உணர்ந்து சொன்னாரா என்பது இங்கே பிரச்சினை இல்லை. நானும் அதே உறவின்முறைக்குள் பிறந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே நின்று தீர்ப்பு சொல்கிற சௌகரியம் எனக்கு இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இப்படியொரு பயணத்தைக் கேட்டதும் ஆற்றுப்படைதான் நினைவுக்கு வரும். ஊர் ஊராகப் போ, அங்கே இன்னது கிடைக்கும், இவர் தருவார், சாப்பிடு, குடி, அடுத்த ஊருக்கு நட என்று வழி சொல்கிற இலக்கியம் அது. பாணனும் விறலியுமாக, சுற்றத்தோடு போகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலுக்குப் போகும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்கள் வருகின்றன. கடற்கரை எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண் வடித்தெடுத்த பழைய தேறலும் சுட்ட மீனும். வேலூரில் எயினர் சமைத்த புளிச்சோறும் இறைச்சியும். ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டுக் கறியும். நிலத்துக்கு நிலம் உணவு மாறுகிறது. இன்றைய சுற்றுலாக் கையேடு ‘உள்ளூர் சுவை’ என்று விற்கிற அதே சங்கதி.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போய்ச் செய்முறையே சொல்கிறது. காஞ்சிக்குப் போகும் வழியில் வலைஞர் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்ற இடம் அது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, வலுவான வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்து வடிகட்டி, சுட்ட மீனோடு தருவார்களாம். முளைகட்டிய தானியம், களி, நொதிப்பு, வடிப்பு. இதைப் பியர் என்றுதான் சொல்ல வேண்டும். பார்லிக்குப் பதிலாக நெல். அவ்வளவுதான் வித்தியாசம். எம்.ஏ. வகுப்பில் இந்தப் பகுதியை எங்களுக்கு நடத்தியவர் ‘ஒருவகை பானம்’ என்று சொல்லிவிட்டு மூன்றே வரியில் தாண்டிப் போனார். புறநானூற்றின் 235ஆம் பாட்டில் அதியமான் இறந்ததற்கு ஔவை அழும்போது அவள் நினைவில் முதலில் வருவது அவனோடு பகிர்ந்துகொண்ட கள்தான். சிறிதளவு இருந்தால் தங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் தாங்கள் பாட அவனும் உடன் குடிப்பான் என்கிறாள். அந்த ஔவையை ஆத்திசூடிக் கிழவியாக்கிக் கையில் கோல் கொடுத்துக் கடற்கரையில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆனால் ஆற்றுப்படையை அப்படியே சுற்றுலாவின் முன்னோடி என்று கொண்டாடிவிட முடியாது. சிறுபாணாற்றுப்படைப் பாணன் கிளம்புவதற்கு முன்னால் அவன் வீட்டு அடுக்களையைக் காட்டுகிறார் புலவர். குட்டி போட்ட நாய் பசியில் குரைக்கிறது. கூரை இற்று விழுந்து கிடக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் அவித்து, அண்டை அயலார் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். பசிதான் அவர்களை வழிக்கு அனுப்பியது. அவர்கள் எங்கேயும் எதையும் ‘ருசி பார்க்க’வில்லை, கிடைத்ததைத் தின்றார்கள், குடித்தார்கள். ருசி பார்ப்பதற்கு வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்க வேண்டும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு (அந்தப் பியருக்கும் இந்தப் பியருக்கும் சம்பந்தமில்லை) 1979இல் வந்த தன் பெரிய நூலில் நிறுவியது இதைத்தான்: ரசனை என்பது நாக்கின் சமாச்சாரம் அல்ல, வர்க்கத்தின் சமாச்சாரம். நம் ஊருக்கு அதைக் கொண்டுவந்தால் சாதியின் சமாச்சாரமும்கூட என்று சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

அண்ணாச்சி பார்த்த ஊர்கள் எப்படி உண்டாயின என்று கொஞ்சம் பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலானவை ஹான்ஸா என்கிற வணிக நகரக் கூட்டமைப்போடு தொடர்புடையவை. லூபெக் அதன் தலைமை நகரம். ஹாம்பர்க், பிரேமன் முதலிய ஊர்கள் உறுப்பினர்கள். மன்னர்களை நம்பாமல் வணிகர்கள் தாங்களே கப்பல், பாதுகாப்பு, தீர்ப்பு, தண்டனை எல்லாவற்றையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். வெளியூர்களில் சரக்கை இறக்கித் தங்குவதற்கு மதில் வைத்த பண்டகசாலைகள் கட்டினார்கள். லண்டன், புரூஜ், பெர்கன், நோவ்கரோத் ஆகிய 4 இடங்களில் இருந்தவை பெரியவை. இந்த வியாபாரத்தின் முக்கியமான சரக்குகளில் ஒன்று பியர். ஹாப் பூவைச் சேர்த்துக் காய்ச்சிய பியர் சீக்கிரம் கெடாது என்பதால் கடல் தாண்டிப் போயிற்று. ஹாம்பர்க் பியருக்குச் சுங்கம் வசூலிக்கிற துறைமுகமாக 1323இல் ஹாலந்துப் பிரபு ஆம்ஸ்டர்டாமை நியமித்தான். ஆம்ஸ்டர்டாம் என்கிற மீன்பிடி ஊர் நகரமாக எழுந்ததில் அந்தச் சுங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுருக்கமாகச் சொன்னால், அந்த வீதிகளில் நாம் அண்ணாந்து பார்க்கிற கூம்பு முகப்பு வீடுகளின் அஸ்திவாரத்தில் பியரும் இருக்கிறது. அதைச் சொல்ல அவர்களுக்கு வெட்கம் இல்லை.

இப்போது எங்கள் கரிசல் காட்டுக்கு வருவோம். ஊர்ப்பெயரில் இருக்கிற ‘பாளை’யைப் பார்த்துப் பனம்பாளை என்று யாராவது நினைத்தால் தப்பு, இது பாளையம். 1801இல் பாளையக்காரர் போர் முடிந்து கும்பினி ஆட்சி நிலைபெற்ற பிறகு, தெற்கே தாமிரபரணிக்கு அப்பால் தேரிக்காட்டுப் பனைகளை நம்பி வாழ்ந்த ஒரு சாதியில் சிலர் மாட்டு வண்டியில் கருப்பட்டி, புகையிலை, பருத்தி, கருவாடு என்று ஏற்றிக்கொண்டு வடக்கே ராமநாதபுரம் சீமைக்குள் வியாபாரத்துக்கு வந்தார்கள். வழியெல்லாம் களவு, கொள்ளை பயம். ஆகவே வண்டியையும் மாட்டையும் சரக்கையும் ராத்திரி பத்திரமாக நிறுத்த மதில் வைத்த பேட்டைகளை ஏற்படுத்தினார்கள். பேட்டையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று 6 ஊர். உறவின்முறை என்கிற அமைப்பு; அதற்கு முறைகாரர்கள்; விற்கிற சரக்கின் மேல் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட ‘மகமை’ என்கிற வரி. அந்த மகமைப் பணத்தில்தான் கிணறு, கோயில், பள்ளிக்கூடம். விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது இந்த வழியில்தான். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதெல்லாம் விரிவாக இருக்கிறது. ஹான்ஸாவின் பண்டகசாலையையும் எங்கள் பேட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அசந்துபோவோம். மதில், சொந்த வரி, சொந்தத் தீர்ப்பு, ஊருக்கு ஊர் உறவு. எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது.

ஒன்றுதான் தலைகீழ். ஹாம்பர்க்காரன் தன் பியரை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய மனிதனானான். பாளையம்பட்டிக்காரன் பெரிய மனிதனாவதற்குத் தன் கள்ளை இறக்கி வைக்க வேண்டியிருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பியர் காய்ச்சியவனை மாதா கோயிலுக்குள் வராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் துறவிமார்களே மடத்துக்குள் காய்ச்சினார்கள். பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் மடங்களில் இன்னமும் காய்ச்சுகிறார்கள். இங்கே பாளை சீவியவனுக்குக் கோயில் வாசல் அடைத்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். மதுரை நீதிமன்றத்தில் 1899இல் தோற்று, உயர்நீதிமன்றத்தில் தோற்று, கடைசியாக 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார்கள். அந்த வழக்கின் வாதப் பிரதிவாதங்களில் திரும்பத் திரும்ப வந்து நின்றது பனைமரம்தான். கள் இறக்குவது குலத்தொழில், ஆகவே தீட்டு, ஆகவே கோயில் உரிமை கிடையாது என்பது எதிர்த்தரப்பின் வாதம். லண்டனில் தீர்ப்பு எழுதிய கனவான்கள் அன்று சாயங்காலம் என்ன குடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இதற்கு நடுவில் 1899இல் சிவகாசிக் கலவரம். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின.

இதற்கும் முன்னால், 1849இல், பிஷப் கால்டுவெல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பனையேறும் உடலை அறிவு வேண்டாத உடலாக வர்ணித்த நூல் அது. பின்னாளில் அந்தச் சாதியாரிடமிருந்தே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவரும் பியர் குடிக்கும் தேசத்திலிருந்து வந்தவர்தான். ஒரு பனையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி, பாளையை எந்தப் பதத்தில் நசுக்க வேண்டும், எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், அலகுப் பனைக்கு எப்போது, பருவப் பனைக்கு எப்போது, கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்கிற அறிவெல்லாம் அவர் கண்ணுக்குப் படவில்லை. மரத்துக்கு மரம் ருசி வேறு என்பது பனையேறிக்குத் தெரியும். அதை எழுதி வைக்க அவனுக்குச் சீட்டு ஒட்டிய பாட்டில் இல்லை.

1910இல் நாடார் மஹாஜன சங்கம் தொடங்குகிறது. 1921இல் பழைய சாதிப்பெயரை நீக்கி ‘நாடார்’ என்றே அரசு ஆவணங்களில் எழுத அரசாங்கம் உத்தரவிடுகிறது. கள் இறக்குவதை விட்டுவிடுங்கள் என்று சங்கம் தன் மக்களிடம் பிரச்சாரம் செய்கிறது. இதை வெறும் சமஸ்கிருதமயமாதல் என்று ஒரு சொல்லில் அடைத்துவிட எனக்கு மனமில்லை. அடிபட்டவன் தன்மேல் ஒட்டிய அடையாளத்தைப் பிய்த்து எறிவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆறு ஊர்க்காரர்கள் தெற்கத்திப் பனையேறிகளோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்காமல் ஒதுங்கி நின்றதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். கள்ளை இறக்கி வைத்தபோது கூடவே சில மனிதர்களையும் இறக்கி வைத்துவிட்டோம்.

*

கள்ளின் மீது அரசின் கை விழுந்த கதை தனி. சென்னை அப்காரிச் சட்டம் 1886இல் வருகிறது. மர வரி, கடை ஏலம், லைசென்ஸ். அந்தந்த ஊர் மரமும் அந்தந்த ஊர் நாக்கும் சம்பந்தப்பட்ட ஒரு பொருள், கலெக்டர் கச்சேரியின் வருமானக் கணக்காக மாறியது அப்போதுதான். ஆச்சரியம் என்னவென்றால் அதற்கு 3 வருஷம் முன்னால், 1883இல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்தியன் ஹான்சன் என்பவர் ஈஸ்ட்டின் ஒற்றை உயிரணுவைப் பிரித்தெடுத்துச் சுத்தமான வித்தாக வளர்த்துக் காட்டினார். அதற்குமுன் பியர் அடிக்கடி கெட்டுப்போகும்; கண்ட காட்டு ஈஸ்ட்டும் புகுந்துவிடும். இனி உலகத்தின் எந்த மூலையில் காய்ச்சினாலும் ஒரே ருசி. அந்தச் சுத்த ஈஸ்ட்டை அவர்கள் மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘தூய்மை’ என்ற சொல் அதோடு உலகப் பயணம் கிளம்பியது. தூய வித்து, தூய பானம், ஆலை, சீட்டு, முத்திரை. இந்தப் பக்கம் எது கலயத்தில் தானாகப் பொங்குகிறதோ அது அசுத்தம், ஆபத்து.

கார்ல்ஸ்பர்க் என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணாச்சியின் படங்களில் ஒன்றில் அவர் கல்யானைகளுக்கு முன்னால் நிற்கிறார். 1901இல் கட்டிய ஆலை வாசல் அது. 4 யானைகள் கோபுரத்தைத் தாங்குகின்றன, அவற்றின் மேல் ஸ்வஸ்திகம் பொறித்திருக்கிறது. “நம்ம ஊர் கோயில் மாதிரியே இருக்குல்ல” என்றார். அந்தக் கடல்கன்னிச் சிலையும் 1913இல் அந்த பியர் முதலாளி ஊருக்குக் கொடுத்ததுதான். டென்மார்க்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் எழுதித் தரங்கம்பாடியில் இறங்கி, 1845இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1847இல், கார்ல்ஸ்பர்க் ஆலை தொடங்கியது. இதில் காரண காரியம் தேட வேண்டாம். ஆனால் தரங்கம்பாடியைப் பார்க்காமல் கோபன்ஹேகனைப் பார்த்து வருகிறவர்கள் நம்மில் நிறைய.

மதுவிலக்கின் அரசியலுக்கு வருவோம். 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். சேலம் தாதம்பட்டியில் தன் தோப்பில் இருந்த 500க்கும் மேற்பட்ட தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்தது அந்தக் காலத்தில்தான். பின்னால் மதுவிலக்கைக் கடுமையாகக் கேலி செய்தவரும் அதே பெரியார். 1931 டிசம்பரில் அவர் ஐரோப்பாவுக்குக் கிளம்பி, ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றி 1932 நவம்பரில் திரும்பினார். உடன் போனவர்கள் எஸ். ராமநாதனும் ராமுவும். நாகம்மையார் ஈரோட்டில் இருந்தார். 1933 மே மாதம் இறந்துபோனார். கள்ளுக்கடை வாசலில் நிற்கப் பெண்ணுக்கு அனுமதி கிடைத்த காலம். கப்பல் ஏறக் கிடைக்கவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நம்முடைய பொதுவாழ்வில் ‘தம்பதி யாத்திரை’ என்றால் அது காசி ராமேஸ்வரமாகவே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுக்க. 1971இல் கலைஞர் திறந்தார், 1974க்குள் மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த வியாபாரத்துக்காக உருவானது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதற்கும் தடை. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது 1987தான். அன்றைக்குத் தமிழ்நாட்டில் குடி நிற்கவில்லை. ஆலையில் தயாரான பிராந்தியும் பியரும் தொடர்ந்தன. நின்றது மரத்திலிருந்து இறங்குவது மட்டும். கள்ளில் கலப்படம் செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கலப்படம் இருந்தது உண்மை, செத்தவர்களும் உண்டு. ஆனால் பாலில் கலப்படம் என்றால் மாட்டைத் தடை செய்வதில்லை. பக்கத்தில் கேரளத்தில் அதே மரத்தின் அதே கள்ளு கடையில் விற்கிறது. 1978இல் பனையை மாநில மரம் என்று அறிவித்ததும் இதே அரசுதான். மரத்துக்கு மரியாதை, பாளைக்குப் போலீஸ்.

பதநீர் இறக்குகிறவன் கலயத்தை முகர்ந்து பார்த்து, ‘சுண்ணாம்பு போதாது, இது கள்’ என்று வழக்குப் போட்ட கதைகள் சாயல்குடிப் பக்கம் போனால் டீக்கடைக்கு டீக்கடை கிடைக்கும். சுண்ணாம்பின் அளவு ஒரு மனிதனைக் குற்றவாளியாக்குகிறது.

ஆலை பியரின் கதையையும் முடித்துவிடலாம். 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவிலிருந்த 5 மதுவாலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸை உண்டாக்கினார். பட்டாளத்து வெள்ளைக்காரனின் தாகமே அன்றைய சந்தை. பிறகு அது மல்லையா குடும்பத்தின் கைக்கு வந்தது. 2021இல் ஆம்ஸ்டர்டாமின் ஹெய்னெகென் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவன் நின்றவாக்கிலேயே ஒரு கிங்ஃபிஷரை வாயில் கவிழ்த்தால் லாபத்தில் ஒரு பங்கு ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறது. அண்ணாச்சி அதே ஆம்ஸ்டர்டாமில் ஹெய்னெகென் பழைய ஆலையை டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்த்தார். முதலாமவன் குடிகாரன். இரண்டாமவர் சுற்றுலாப் பயணி.

*

புரூஜில் ‘அரைநிலா’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு பழைய மதுவாலை இருக்கிறது. நகரின் கல்பாவிய தெருக்களில் லாரி ஓடக்கூடாது என்று 2016இல் ஆலையிலிருந்து ஊருக்கு வெளியே பாட்டில் அடைக்கும் இடம்வரை 3 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்கடியில் பியர்க் குழாய் பதித்தார்கள். ஊர்க்காரர்கள் பணம் போட்டார்கள். போட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க பியர். அதே 2016இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. மரபு என்ற சொல்லை நாம் கல்லுக்கும் செம்புச் சிலைக்கும் மட்டும் வைத்திருக்கிறோம்.

அங்கேயும் எல்லாம் நேர்க்கோடு அல்ல. இடைக்கால இங்கிலாந்தில் பியர் வகையைக் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1300 வாக்கில் வீட்டுக்கு வீடு அவர்கள் தொழிலாக இருந்தது, ஹாப் வந்து, முதல் பெருகி, சங்கங்கள் வந்து, 1600க்குள் ஆண்கள் தொழிலாகிவிட்டதை ஜூடித் பென்னெட் 1996இல் வந்த தன் நூலில் காட்டுகிறார். நுளையர் வீட்டுப் பெண் வடித்த தேறலுக்கு என்ன நடந்தது என்று நம்மில் யாரும் அப்படி ஒரு நூல் எழுதவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது பிரஸ்ஸல்ஸ்தான். அங்கே ஆண்டர்லெக்ட் பகுதியில் கான்டியோன் என்று ஒரு மதுவாலை, 1900இல் தொடங்கியது. லாம்பிக் என்ற வகை பியரைச் செய்கிறார்கள். ஹான்சனின் சுத்த ஈஸ்ட் இங்கே செல்லுபடியாகாது. கோதுமையும் பார்லி முளையும் காய்ச்சிய சாற்றை மாடியில் ஆழமில்லாத பெரிய செப்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். குளிர்காலத்து ஊர்க்காற்றில் மிதக்கிற காட்டு ஈஸ்ட் தானாக வந்து விழ வேண்டும். பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று வருஷச் சரக்கைக் கலந்தால் கூஸ். பூச்சியைப் பிடிக்கும் என்பதால் சிலந்திவலையைக்கூடக் கலைப்பதில்லை. யாரும் வித்துப் போடாமல் காற்றே நொதிக்க வைக்கிற பானம். பனங்கலயத்தில் நடப்பதும் இதுதான். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் காட்டு ஈஸ்ட் இறங்கி, விடிவதற்குள் நுரைக்கிறது. லாம்பிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கள் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது.

மாடியில் படம் பார்த்துவிட்டு அண்ணாச்சி மண்டிக்குக் கிளம்பிப்போன பிறகு மதினி காபி கொண்டுவந்தார். அவருக்குப் பிறந்த ஊர் சாயல்குடிக்குத் தெற்கே. ஆறு ஊருக்கு வெளியே பெண் எடுத்ததால் கல்யாணத்தின்போது ஊரில் முணுமுணுப்பு இருந்தது. எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மதினியின் தாத்தா பனையேறி. அதை இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

“அந்தச் சிலந்தி ஆலையிலே ஒரு கிளாஸ் குடுத்தாங்க, தம்பி. ஒங்க அண்ணன் வாயில வச்சிட்டு ஒயின் மாதிரி இருக்குன்னாரு. அந்தப் பய, கைடு, ஆப்பிள் வாசம், குதிரை வாசம்னு என்னமோ சொன்னான். நான் மோந்து பாத்தேன். எங்க தாத்தா கலயத்தக் கழுவுற வாசம்.”

“நீங்க சொன்னீங்களா மதினி?”

“சொன்னேன். ஒங்க அண்ணன்கிட்டதான். ஊர்ல போய் இதச் சொல்லிறாதன்னாரு.”